பல கோர் டெஸ்க்டாப்: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா? முழுமையான வழிகாட்டி

புது பிராசசர் வரப்போகிறது என்ற செய்தி எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே இரண்டு மூன்று வருடம் பழைய கணினியோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. விளம்பரத்தைப் பார்த்து 16 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள்) வாங்கிவிட்டு, அதில் நாலு கோருக்கு மேல் வேலையே இல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் பணம் வீண்தான்.

எப்போது வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் வேலை. கம்பெனிகளின் வெளியீட்டுத் தேதி அதற்குப் பிறகு வருகிறது. உங்கள் வேலை எங்கே காத்து நிற்கிறது, அந்தக் காத்திருப்பு மாதத்துக்கு எவ்வளவு பணம் தின்கிறது என்று தெரிந்துவிட்டால், நாட்காட்டியைப் பார்ப்பது சில மாதங்களை முன்பின் நகர்த்துவதற்கு மட்டும்தான். வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது (எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது), சிமுலேஷன் போன்ற வேலைகளுக்காக வாங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விளையாட மட்டும் என்றால் 8 கோரே தாராளம். கூடுதல் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

படி 1: எது காத்து நிற்கிறது என்று பாருங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை ஓடவிடுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், சி.பி.யூ வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். லினக்ஸில் எச்டாப் கட்டளை போதும்.

எல்லாக் கட்டங்களும் மேலே முட்டிக்கொண்டு நின்றால் கூடுதல் கோருக்கு வேலை இருக்கிறது. ஒன்றிரண்டு கட்டம் மட்டும் முட்டி, மற்றவை சும்மா கிடந்தால், உங்களுக்கு வேண்டியது வேகமான கோர். அதிக கோர் இல்லை. எதுவுமே முட்டாமல் வேலை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால், மெமரி, டிஸ்க், ஜி.பி.யூ வரைபடங்களைப் பாருங்கள். ரேம் நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் உங்கள் நோய்க்கு மருந்து ரேம். அதற்காகப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை.

லினக்ஸில் கம்பைல் செய்பவர்களுக்கு இன்னும் எளிதான வழி இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் டைம் என்று சேர்த்து ஓட்டினால், கடைசியில் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண்கள் வரும். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ரியலால் வகுத்தால், சராசரியாக எத்தனை கோர் வேலை செய்தது என்று கிடைக்கும். ரியல் 12 நிமிடம், மற்ற இரண்டும் சேர்ந்து 42 நிமிடம் என்றால் சராசரி 3.5. எட்டு கோர் மெஷினில் இந்த எண் வந்தால், 16 கோர் வாங்கியும் பெரிய மாற்றம் வராது. முதலில் அந்த பில்டு (கம்பைல் ஓட்டம்) ஏன் வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள்.

படி 2: கோரைப் பாதியாக்கிச் சோதியுங்கள்

புது மெஷின் எவ்வளவு வேகமாக இருக்கும் என்று பழைய மெஷினிலேயே ஓரளவு கணிக்கலாம். அதற்குக் கோரைக் கூட்டிப் பார்க்க முடியாது, குறைத்துப் பார்க்கலாம்.

டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் உங்கள் மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்தால் செட் அஃபினிட்டி என்று இருக்கும். அதில் பாதி பிராசசர்களை எடுத்துவிட்டு அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளை இதையே செய்யும். ஒரு கோர் இரண்டு த்ரெட்டாக, அதாவது இரண்டு லாஜிக்கல் பிராசசராகத் தெரியும் பிராசசர்களில் அவை ஜோடி ஜோடியாக இருக்கும், அதனால் ஜோடியாகவே எடுங்கள். பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்திருக்கும் இன்டெல் 12ஆம் தலைமுறையிலிருந்து வந்தவற்றில் இரண்டு வகையிலும் பாதிப் பாதி எடுக்க வேண்டும்.

20 நிமிட வேலை 38 நிமிடம் ஆனால், அது கோரைத் தின்னும் வேலை. கோர் இரட்டிப்பானால் நல்ல பலன் உண்டு. 20 நிமிடம் 23 ஆனால், மீதிக் கோர்கள் ஏற்கெனவே அலங்காரத்துக்குத்தான் இருந்திருக்கின்றன.

ஏன் இப்படி? 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதம் இன்றும் அப்படியே பொருந்துகிறது. எந்த வேலையிலும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். எத்தனை கோர் போட்டாலும் அந்தப் பகுதி குறையாது. ஒரே கோரில் 100 நிமிடம் ஓடும் வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதத்தைப் பிரிக்க முடியும் என்றால், 8 கோரில் 30 நிமிடம், 16 கோரில் 25 நிமிடம். இரட்டிப்புக் கோருக்குக் கிடைப்பது ஐந்தே நிமிடம். 95 சதவீதத்தைப் பிரிக்க முடிந்தால் 8 கோரில் சுமார் 17 நிமிடம், 16 கோரில் 11.

உண்மையான உதாரணம் ஆண்ட்ராய்டின் மூல நிரல். 72 கோரும் 64 ஜி.பி ரேமும் உள்ள தங்கள் மெஷின்களில் முழு பில்டு சுமார் 40 நிமிடம் எடுக்கிறது, அதே அளவு ரேம் உள்ள 6 கோர் மெஷினில் 6 மணி நேரம் ஆகிறது என்று கூகுள் தன் ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. மிக நன்றாகப் பிரியக்கூடிய வேலையிலேயே நிலைமை இது.

படி 3: கோர் இல்லாமலே தீருமா?

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். டைம்லைன் தத்தித் தத்தி ஓடுகிறது என்றதும் பலர் பெரிய பிராசசருக்குப் போகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் கேமரா பதிவு செய்யும் வடிவத்தில் இருக்கிறது. இப்போதைய சோனி, கேனன் கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 வடிவில் (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் வகை) பதிவு செய்யும். ஆர்.டி.எக்ஸ் 40 வரிசை வரைக்கும் என்விடியா கார்டுகளில் இந்த 4:2:2 வடிவத்தைப் பிரித்துப் படிக்கும் வன்பொருள் கிடையாது. முழுச் சுமையும் சி.பி.யூ தலையில் விழும். 2025 தொடக்கத்தில் வந்த ஆர்.டி.எக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. இன்டெல்லில் 11ஆம் தலைமுறை முதலே பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், எச்.இ.வி.சி (எச்.265) வகை 4:2:2 கோப்புகளைப் படிக்கும். அதனால் சரியான இன்டெல் பிராசசரோ, ஒரு கார்டு மாற்றமோ 16 கோர் செய்யாததைச் செய்துவிடலாம். எதுவும் வாங்காமல் தீர்க்க ப்ராக்ஸி கோப்புகள் (எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் லேசான நகல்கள்) இருக்கின்றன.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் செய்பவர்களுக்கும் இதேதான். 3டி காட்சி முழுவதும் கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை கிராஃபிக்ஸ் கார்டு சி.பி.யூவைவிட வெகு வேகம். காட்சி அடங்காமல் போகும்போதும், சிமுலேஷனின்போதும்தான் கோர் பேசும்.

இன்னொன்று, எப்போதாவது வரும் பெரிய வேலை. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் மெஷின் திணறுகிறது என்றால், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் மெஷினைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோப்புகள் மிகப் பெரியவை என்றால் ஏற்றி இறக்கவே நேரம் போய்விடும். அந்த நிலையில் சொந்த மெஷின்தான்.

ஏ.எம்.டி.யின் பழைய ஏ.எம்.4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. ரைசன் 9 5950எக்ஸ், 5900எக்ஸ்டி இரண்டுமே 16 கோர். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால் பழைய போர்டுகள் பலவற்றிலும் உட்காரும், கையில் இருக்கும் டி.டி.ஆர்4 ரேமும் அப்படியே ஓடும். போர்டின் தயாரிப்பாளர் பட்டியலில் அந்தப் பிராசசர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மிக மலிவான போர்டில் 16 கோரை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டுவது நல்லதில்லை.

படி 4: காத்திருப்புக்கு விலை போடுங்கள்

இப்போது கோர்தான் வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. அடுத்தது பணக் கணக்கு. இங்கே நான் போடும் தொகைகள் உதாரணத்துக்கு; உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் 1,80,000 ரூபாய், நாலு வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 3,750. புது மெஷின் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பை மிச்சப்படுத்துகிறது, மாதம் 25 நாள் வேலை, உங்கள் ஒரு மணி நேரம் 300 ரூபாய் பெறும் என்றால் மாதத்துக்கு 7,500 லாபம். செலவு போக 3,750. அதாவது வாங்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் 3,750 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. விலை 15,000 இறங்கும் என்று எதிர்பார்த்தால் அதிகபட்சம் நாலு மாதம் பொறுக்கலாம். அதற்கு மேல் பொறுத்தால் நஷ்டம்.

இதில் நேர்மையாக இருக்க வேண்டிய இடம் அந்த ஒரு மணி நேரம். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கும் ரெண்டரை அதில் சேர்க்காதீர்கள். அது 6 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமானாலும் காலையில்தான் பார்க்கப் போகிறீர்கள். ஓடும்போது வேறு வேலை பார்க்கிறீர்கள் என்றால் அதையும் கழியுங்கள். மறுபக்கம், ஐந்து நிமிடக் காத்திருப்பில் கவனம் கலைந்து திரும்பப் பத்து நிமிடம் ஆகிறது என்றால் அதையும் கூட்டுங்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லும் வேலை என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். கணக்கில் லாபம் மைனஸில் வந்தால், பழைய மெஷினை இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள்.

படி 5: சந்தையின் நாட்காட்டி

இந்த நாலு படிக்கும் அப்புறம்தான் தேதிக்கு வருகிறோம்.

ஏ.எம்.டி.யின் பெரிய டெஸ்க்டாப் வெளியீடுகள் ஒன்றரை, இரண்டு வருட இடைவெளியில் வந்திருக்கின்றன: ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில், 7000 வரிசை 2022 செப்டம்பரில், 9000 வரிசை 2024 ஆகஸ்டில். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் 2021, 2022, 2023 என்று வருடா வருடம் அக்டோபர், நவம்பரில் வந்தன. கோர் அல்ட்ரா 200 வரிசை 2024 அக்டோபரில்.

வெளியான முதல் நாளே வாங்குவது ஏறக்குறைய எப்போதும் தவறான நேரம். ரைசன் 9 7950எக்ஸ் 699 டாலருக்கு அறிமுகமாகி, இரண்டே மாதத்தில் 575 டாலர் அளவுக்கு வந்தது. விலை மட்டுமில்லை. புது தளங்களில் முதல் சில மாதம் பயாஸ் கோளாறுகள் தீரும் காலம். 2023இல், ஏ.எம்.4க்கு அடுத்து வந்த ஏ.எம்.5 சாக்கெட் போர்டுகளில் சில எக்ஸ்3டி (கூடுதல் கேஷ் மெமரி உள்ள) ரைசன் பிராசசர்கள் மின்னழுத்தம் கூடிக் கருகிய பிறகு பயாஸ் திருத்தம் வந்தது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில் அதிக மின்னழுத்தத்தால் வந்த பழுதுக்கு 2024 ஆகஸ்டில்தான் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியானது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தத் தலைமுறையைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைத்தால், திருத்தம் இல்லாமல் எவ்வளவு காலம் ஓடியது என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

என் பரிந்துரை இது: புது வரிசை மூன்று மாதத்துக்குள் வருகிறது என்று கம்பெனியே அறிவித்துவிட்டால் பொறுங்கள். வந்தபின் விமர்சனங்களைப் பார்த்து, புதியதை இரண்டு மூன்று மாதம் கழித்தோ, விலை குறைந்த பழையதை உடனேயோ வாங்கலாம். கசிந்த செய்தி, வதந்தி என்றால் கண்டுகொள்ளாதீர்கள்.

சாக்கெட்டின் ஆயுளையும் கணக்கில் எடுங்கள். ஏ.எம்.5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது; 2022இல் வாங்கிய போர்டில் பயாஸ் புதுப்பித்து 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் ஓட்டலாம். இன்டெல்லின் எல்.ஜி.ஏ 1700 சாக்கெட் மூன்று தலைமுறையோடு முடிந்துபோனது. இன்றைக்குக் கையில் பணம் குறைவு என்றால் ஏ.எம்.5இல் நல்ல போர்டும் 8 கோரும் வாங்கி, பின்னால் 16 கோருக்குப் போவது உருப்படியான திட்டம்.

சந்தை முறை தவறும் காலங்கள்

கணினி விலை எப்போதும் இறங்கும் என்ற நம்பிக்கை சில சமயம் காலை வாரிவிடும். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2020, 2021இல் கிராஃபிக்ஸ் கார்டு கிடைப்பதே பாடாக இருந்தது. கார்டுகளை வாரிக்கொண்டிருந்த எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்ட காலத்தில்தான் நிலைமை முழுசாகச் சீரானது. 2025 கடைசி மாதங்களில் ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிச் சுருட்ட, டி.டி.ஆர்5 ரேமின் விலை சில மாதங்களில் இரண்டு மூன்று மடங்கானது. அந்த டிசம்பரில் மெமரித் தயாரிப்பாளரான மைக்ரான், குரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது.

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பொருள் மட்டும் ஏறும், மற்றவை பழைய விலையிலேயே நிற்கும் அல்லது இறங்கும். அதனால் மொத்த விலையைப் பார்த்துப் பயப்படாமல் பாகம் பாகமாகப் பாருங்கள். ரேம் ஏறியிருந்தால் அது இறங்கும் என்று நம்பி வருடக்கணக்கில் உட்காருவதைவிட, தேவையான குறைந்த அளவோடு தொடங்குவது மேல்.

ஆனால் அந்தக் குறைந்த அளவு எவ்வளவு என்பதில் கவனம். 32 த்ரெட்டில் பெரிய சி++ நிரலைக் கம்பைல் செய்தால் ஒவ்வொரு வேலைக்கும் 1.5, 2 ஜி.பி வரை போகலாம், 64 ஜி.பி இல்லாமல் 16 கோர் வாங்குவது பாதி மெஷின்தான். அதையும் இரண்டு குச்சியாக, 32 ஜி.பி இரண்டாக, வாங்குங்கள். ரைசன் 7000, 9000 வரிசைகளில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் அதிகாரபூர்வ வேகம் 3600க்கு இறங்கிவிடும். இப்போது 16 ஜி.பி இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்ற திட்டம் இதனால்தான் சரிவராது.

படி 6: நம்ம ஊர்க் கணக்கு

தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் விற்பனையில் எஸ்.எஸ்.டி, மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டுக்கு உண்மையான தள்ளுபடி வரும். உச்ச ரக பிராசசர்களுக்கு அவ்வளவாக எதிர்பார்க்க வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் முழு செட்டாகக் கேட்டால்தான் பேரம் படியும். ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

தொழிலுக்காக வாங்குபவர்களுக்குத் தள்ளுபடியைவிட வரிதான் பெரிது. ஜி.எஸ்.டி 18 சதவீதம். 1,80,000 ரூபாய் பில்லில் சுமார் 27,450 ரூபாய் வரி. பதிவு பெற்றிருந்தால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி எண் இருக்க வேண்டும். வருமான வரியில் கணினிக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் உண்டு. ஆனால் வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் வாங்கி ஓட்டத் தொடங்குவது, நவம்பரில் வாங்குவதைவிட அந்த வருட வரிக்கு நல்லது. அக்டோபர் முதல் வாரம் தாண்டிவிட்டால், மார்ச் வரை எப்போது வாங்கினாலும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். உத்தேச வருமான முறையில் வரி கட்டுபவர்களுக்குத் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில்லாமல் வரும் ட்ரே பிராசசர் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். அதற்குக் கம்பெனியின் நேரடி வாரண்டி இருக்காது, கடைக்காரர் தருவதுதான். தொழிலுக்கு வாங்கும் மெஷினில் நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

பட்ஜெட் போடும்போது மறந்துபோவது யூ.பி.எஸ். 9950எக்ஸ் முழுச் சுமையில் 230 வாட் வரை இழுக்கும், இன்டெல் 14900கே 253 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் வீட்டில் இருக்கும் 600 வி.ஏ யூ.பி.எஸ் தாங்காது. ரெண்டர் பாதியில் நின்றால் வாங்கிய வேகம் எல்லாம் வீண். ஏ.சி இல்லாத அறை என்றால் கூலருக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யுங்கள், அல்லது பயாஸில் ஈகோ மோட் (மின்சார உச்சவரம்பைக் குறைக்கும் அமைப்பு) போடுங்கள். 9950எக்ஸில் மின்சாரத்தைக் கணிசமாகக் குறைத்தாலும் வேகம் சிறிதளவே குறையும். மே மாத மதியத்தில் அறைக்குள் உட்காருபவருக்கும் அது உதவி.

படி 7: வாங்கிய முதல் வாரம்

எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். பிராசசரை இந்த மாதம், போர்டை மூன்று மாதம் கழித்து என்று சேர்த்தால், பழுது இருப்பது தெரிவதற்குள் மாற்றிக் கொடுக்கும் காலம் முடிந்துவிடும். வாரண்டியும் அலமாரியில் கரையும்.

பூட்டியதும் பயாஸைப் புதுப்பித்து, ரேமுக்கு எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி ப்ரொஃபைலைப் போடுங்கள். அதைப் போடாவிட்டால் ரேம் அடிப்படை வேகத்திலேயே ஓடும். மாதக்கணக்கில் அப்படியே விட்டிருப்பவர்கள் நிறைய. ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேம் சோதனை) ஓட்டுங்கள். அப்புறம் சினிபெஞ்ச் (பிராசசர் சோதனை) அரை மணி நேரம். வெப்பம் 95 டிகிரியைத் தொட்டாலும் 7950எக்ஸ், 9950எக்ஸ் போன்ற ரைசன்களுக்கு அது வடிவமைத்த எல்லைதான்; ஆனால் வேகம் தொடர்ந்து சரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, முதல் படியில் பழைய மெஷினில் ஓட்டிய அதே வேலையை, அதே கோப்போடு புதியதில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கணித்ததைவிட மிகவும் அதிக நேரம் எடுத்தால் ஏதோ ஒரு பாகமோ அமைப்போ சரியில்லை. பொருளை மாற்றித் தரும் காலம் இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிடுங்கள்.